இருபத்துநாலு என்று எழுதிய மூச்சு

போன மாதம் நர்சிங் கல்லூரி மாணவிகள் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்: 'பட்டப்படிப்பு மாணவிகளுக்கு ஆராய்ச்சி வழிகாட்டுதல், அன்றும் இன்றும்'. இப்போது ஆளுக்கொரு வழிகாட்டி உண்டாம், வாரம் ஒரு சந்திப்பு உண்டாம், சந்தித்ததற்குக் கையெழுத்து வாங்க ஒரு நோட்டும் உண்டாம். "உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா மேடம்?" என்று ஒருத்தி கேட்டாள். நோட்டு இல்லை, ஆள் இருந்தார் என்றேன். அதையே எழுதிக் கொடுங்கள் என்று சொல்லி, காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு பக்கம் கேட்டார்கள். இது இரண்டு பக்கத்தில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை. நீளம் என்று தோன்றினால் வெட்டிக்கொள்ளட்டும்.

என் ஊர் ராயகிரி. வயல்காட்டு வேலை செய்கிற குடும்பம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் சென்னையில் நர்சிங் பட்டப்படிப்பில் இடம் கிடைத்தது. அந்த நாளில் நர்ஸ் என்றாலே டிப்ளமாதான். பட்டம் படிக்கிற நர்ஸ் என்றால் டாக்டர்களே ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. கடைசி வருடத்தில் எங்களை ஆளுக்கொரு ஊருக்கு மூன்று மாதம் அனுப்பினார்கள். அங்கே வேலையும் பார்க்க வேண்டும், ஒரு விஷயத்தை எடுத்து ஆராய்ந்து கட்டுரையும் எழுத வேண்டும், அங்கே இருக்கிற ஒருவர் வழிகாட்ட வேண்டும். அறுபதுகளின் நடுவில் இது புது ஏற்பாடு. எனக்கு விழுந்தது தென்காசிப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம்.

போய்ச் சேர்ந்த அன்றைக்கே எனக்கு வழிகாட்டி யார் என்று தலைமை நர்சான மேட்ரன் சொல்லிவிட்டார். குழந்தைகள் வார்டைப் பார்த்துக்கொள்ளும் சாராள் சிஸ்டர். முப்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காது. டிப்ளமா படித்தவர். எனக்கு உள்ளுக்குள் சப்பென்று ஆகிவிட்டது. டிப்ளமாக்காரி எனக்கு ஆராய்ச்சி சொல்லித்தரப் போகிறாளா என்று நினைத்தேன். அவர் அதை என் முகத்திலேயே படித்துவிட்டார் போல.

"ஆராய்ச்சின்னா என்னன்னு எனக்குத் தெரியாது, கேட்டியா. மேட்ரன் சொல்லிட்டாவ, நானும் சரின்னுட்டேன். ரெண்டு பேரும் சேந்து முழிப்போம்" என்றார்.

நான் சென்னையிலேயே ஒரு தலைப்பு எழுதி வைத்திருந்தேன். 'மருத்துவமனைச் சூழலும் நோயாளியின் மனநிலையும்' என்பதுபோல் நாலு வரி. அதை வாசித்துக் காட்டினேன். அவர் குழந்தைகளின் துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. இத எழுதி முடிச்ச மறுநாள் காலையில நம்ம வார்டுல என்ன மாறும்?"

யோசித்தேன். ஒன்றும் மாறாது என்றேன்.

"அப்பம் வேற பாரு."

இந்த ஒரு கேள்வியைத் தவிர அவர் எனக்கு ஆராய்ச்சி முறை என்று எதையும் போதித்ததில்லை. பிறகு நான் எத்தனையோ மாணவிகளுக்கு வழிகாட்டியாக இருந்துவிட்டேன். அவர்களிடம் நான் முதலில் கேட்டதும் அதே கேள்விதான்.

சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் குழந்தைகள் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி இருக்காது. குற்றாலத்துக்கு எங்கெங்கிருந்தோ வருவார்கள். பச்சைப் பிள்ளையையும் கொண்டுபோய் அருவியில் காட்டுவார்கள். ஈரத்தலையோடு குதிரை வண்டியில் திரும்பிப் போவார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல், இருமல், நெஞ்சில் சளி. வெளியூர்க்காரர்கள் மட்டும் இல்லை, சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களும் அப்படித்தான். பென்சிலின் ஊசி, ஆவி பிடிக்கிற கெட்டில், மோசமானால் ஆக்சிஜன், இவ்வளவுதான் எங்கள் கையில் இருந்தது.

ஒரு நாளைக்கு நாலு வேளை ஒவ்வொரு குழந்தைக்கும் காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் பார்த்து சார்ட்டில் எழுத வேண்டும். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, ஏமாற்ற முடியாது. நாடியைக் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவோம். மூச்சு இருக்கிறதே, அதைத்தான் யாரும் எண்ணுவதில்லை. பெரியவர்களுக்கு இருபது, குழந்தைகளுக்கு இருபத்துநாலு என்று கை தானாக எழுதும். எந்தப் புத்தகத்திலும் இப்படி இல்லை, எந்த ஆசிரியையும் சொல்லித்தரவில்லை, ஆனாலும் தென்காசியிலும் அப்படித்தான், சென்னையிலும் அப்படித்தான். முப்பது கட்டிலுக்கு இரண்டு பேர் நிற்கிற இடத்தில் ஒரு நிமிடம் சும்மா நின்று வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

இதைத்தான் நான் எடுத்தேன். சாராள் சிஸ்டரே அன்று சார்ட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர், "ஏட்டி இசக்கி, இங்கன வந்து பாரு. இந்த வார்டுல இருக்க அத்தன புள்ளையும் ஒரே மாரியா மூச்சு விடுது" என்றார். இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு, இதையே பாரேன் என்றார்.

முதலில் எங்களுக்கே எண்ணத் தெரியுமா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்கு அவரே ஒரு முறை வைத்தார். குழந்தை அழும்போது எண்ணக் கூடாது, பால் குடிக்கும்போது கூடாது. போர்வையை விலக்கிச் சட்டையை மேலே தூக்கிவிட வேண்டும். கடிகாரத்தைக் குழந்தையின் வயிற்றுக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும், அப்போதுதான் முள்ளும் வயிறும் ஒரே பார்வையில் தெரியும். கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று நாங்கள் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். வாயைத் திறக்காமல் ஆளுக்கொரு சீட்டில் எழுதி மடித்துவிட்டு, பிறகு பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் சீட்டில் நான் முப்பத்தாறு, அவர் ஐம்பத்திரண்டு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நீங்கள் தப்பாக எண்ணிவிட்டீர்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"எவ்வளவு நேரம் எண்ணுன?"

"கால் நிமிஷம். நாலால பெருக்கிட்டேன்."

"சின்னப் புள்ள மூச்சு ஓடும், நிக்கும், பொறவு ஓடும். ஓம் பெருக்கலுக்காவ அது ஒரே சீரா விட்டுக்கிட்டுக் கெடக்குமா? முழு நிமிசம் எண்ணு."

பத்து நாள் இதே வேலை. ஓய்வு நேரத்தில்தான் எண்ணினோம், வார்டு வேலையில் ஒரு குறையும் வைக்க விடமாட்டார். இரண்டு சீட்டும் நெருங்கி வந்த பிறகுதான் எங்கள் எண்ணிக்கையைச் சார்ட்டோடு வைத்துப் பார்த்தோம். சீட்டில் நாற்பத்தெட்டு இருக்கும் பிள்ளைக்குச் சார்ட்டில் இருபத்துநாலு. சீட்டில் முப்பது இருக்கும் பிள்ளைக்கும் இருபத்துநாலு. அப்புறம் அந்த சீசனில் வந்துபோன குழந்தைகளின் பழைய சார்ட்டுகளையும் கட்டோடு எடுத்துவந்து கணக்கெடுக்கத் தொடங்கினோம். எழுதியவர் மாணவியா, ஸ்டாஃப் நர்ஸா, அதற்கும் மேலே உள்ள சிஸ்டரா என்று ஒரு கட்டமும் போடச் சொன்னார். ஆளைப் பிடிப்பதற்கு இல்லை, வருஷம் ஆக ஆகக் கை திருந்துகிறதா கெடுகிறதா என்று தெரிய வேண்டும் என்றார். முதல் சார்ட்டுக் கட்டிலேயே என் எழுத்துகள் வந்தன. என் இருபத்துநாலுகள். வெட்கமாகிவிட்டது. "அப்பாடா, ஒரு கள்ளி ஆப்புட்டா. கோடு போடு" என்று சிரித்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சபியாவின் சார்ட் என் கைக்கு வரும்வரை.

சபியா இரண்டரை வயதுக் குழந்தை. கடையநல்லூர் நெசவாளி வீடு. பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போய்க் காய்ச்சல் வந்து, நான் வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் வியாழக்கிழமை எங்களிடம் வந்தாள். வெள்ளி, சனி பரவாயில்லை என்றுதான் இருந்தது. ஞாயிறு எனக்கு விடுமுறை, மற்ற மாணவிகளோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விட்டேன். அன்று மாலை ஆறு மணிக்கு வேலைக்கு வந்த நர்ஸ் குழந்தையின் உதடு நீலமாக இருப்பதைப் பார்த்து மூச்சை எண்ணியிருக்கிறாள். அறுபதைத் தாண்டியிருந்தது. டாக்டர் ஓடிவந்தார், ஆக்சிஜன் வைத்தார்கள். திங்கள் காலையில் போய்விட்டாள். நோய் திடீரென்று முற்றிவிட்டது என்று பெற்றவர்களிடம் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இப்போது சார்ட்டைப் பார்க்கிறேன். ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு மூச்சு இருபத்துநாலு. பக்கத்தில் சாராள் சிஸ்டரின் எழுத்து. நாலு மணி நேரத்தில் இருபத்துநாலு அறுபதாகாது என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அதைக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

அந்த நேரத்தில் அவருடைய பெயரை மேட்ரன் டெல்லிக்குச் சிபாரிசு செய்திருந்தார். நர்சிங் ஆசிரியைக்கான படிப்பு. டிப்ளமா படித்தவர்களுக்கு அது லேசில் கிடைக்காது. கிடைத்தால் வார்டை விட்டுக் கல்லூரிக்குப் போய்விடலாம். அவர் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசமாட்டார், ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சார்ட் என் கட்டுரையில் வந்தால் அது போய்விடும். எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம் வந்திருந்தது. சார்ட்டை எடுத்து என் டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

இரண்டு நாள்தான். அவர் வார்டு ரிஜிஸ்டரில் உள்ள பெயர்களையும் என் கணக்கையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒன்று குறைந்தது.

"சபியா சார்ட் எங்கட்டி?"

"கட்டுல இல்ல சிஸ்டர்."

"இல்லையா, நீ எடுத்தியா?"

நான் கட்டுகளை அடுக்கத் தொடங்கினேன்.

"வேற யாரு எழுத்தா இருந்தாலும் எடுத்து வச்சிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்பம் கொண்டாந்து வை." பிறகு அவரே சொன்னார். "அன்னைக்கு ரெண்டு பேரு காய்ச்சல்னு வரல. ரெண்டு வார்டையும் நான்தான் பாத்தேன். அந்தப் புள்ள போத்திக்கிட்டுத் தூங்குச்சு. நான் போர்வைய எடுக்கல. நிம்மதியாத் தூங்குதுன்னு எழுதிட்டுப் போயிட்டேன். இந்த ஒரு மாசமா ஒவ்வொரு கட்டு பிரிக்கும்போதும் அது வரும் வரும்னுதான் இருந்தேன்."

"டெல்லி போயிருமே சிஸ்டர்."

"கூறு கெட்டவளே, டெல்லி எங்கன போவுது? நான்தான் போவ மாட்டேன்" என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை, எழுந்து போய் ஆவிக் கெட்டிலுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

கட்டுரையை ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் வாசித்தேன். டாக்டர்கள் இரண்டு பேர், மேட்ரன், நர்சுகள். பெயர் எதுவும் கட்டுரையில் இல்லை. மாணவிகள் இப்படி, ஸ்டாஃப் நர்சுகள் இப்படி, சிஸ்டர் எழுதியதாக ஒரே ஒரு பதிவு, அது பின்னால் இறந்துபோன குழந்தையுடையது என்று மட்டும் இருந்தது. மேட்ரன் நல்ல உயரமான அம்மாள். யாரையும் சத்தம் போட்டுப் பேசமாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் கோபம் என்று அர்த்தம். கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த சிஸ்டர் யார்?" என்று என்னைக் கேட்டார்.

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. "நான்தாம்மா" என்று சாராள் சிஸ்டர் எழுந்து நின்றார்.

மறுநாளே வார்டுச் சுவரில் உத்தரவு ஒட்டினார்கள். குழந்தைகளுக்குப் போர்வையை விலக்கி முழு நிமிடம் எண்ண வேண்டும், சந்தேகம் வந்தால் இரண்டாவது ஆளும் எண்ண வேண்டும். எங்கள் சீட்டு முறையேதான். அந்த வாரமே டெல்லிக்கு வேறு பெயர் போயிற்று. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் மேட்ரன். அந்த அடுத்த வருடம் வரவே இல்லை.

எனக்கு அதோடு முடிந்தது என்றுதான் எண்ணம். சாராள் சிஸ்டருக்கு முடியவில்லை. "பேப்பர்ல எழுதியாச்சு, மேட்ரனுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். போகக் கூடாது என்று மேட்ரன் சொல்லவில்லை, ஏனென்றால் நாங்கள் கேட்கவில்லை. அவருடைய விடுமுறை நாளில் இரண்டு பேரும் கடையநல்லூருக்கு பஸ் ஏறினோம்.

தெருவெல்லாம் தறிச் சத்தம். வீட்டைக் கண்டுபிடித்தோம். சபியாவின் அப்பா தறிக்குழிக்குள் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தறியை நிறுத்தினார். அம்மா மைமூன், என் வயதுதான் இருக்கும், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பாய் போட்டாள். அடையாளம் தெரிந்துகொண்டாள். தண்ணீர் கொடுத்தாள்.

சாராள் சிஸ்டர் சுற்றி வளைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் உன் பிள்ளையின் மூச்சை எண்ணாமல் எண்ணியதாக எழுதிவிட்டேன், எண்ணியிருந்தால் டாக்டரை அப்போதே கூப்பிட்டிருப்பேன், பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்த நாலு மணி நேரத்தை நான் எடுத்துவிட்டேன் என்று சொன்னார். ஏசினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மைமூன் காலித் தம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தாள். அவள் கணவர் தறிக்குழியில் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் சிஸ்டர். வயிறு உள்ள இழுத்து இழுத்து வந்துச்சு. போர்வைக்குள்ள கைய வச்சுப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நீங்க வந்தப்பமும் பக்கத்துலதான் நின்னேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா, தாயி."

"முந்தின நாளே சொன்னேம்லா. சனிக்கிழமை காலையில, இந்தா இந்தப் பிள்ளகிட்டத்தான்." அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. "வயிறு ஒரு மாரியா இழுக்குதும்மான்னேன். எல்லாம் எங்களுக்குத் தெரியும், நீ படிச்சிட்டா வந்திருக்க, தள்ளி நில்லுன்னு ஏசிச்சு. பெறவு எப்பிடிக் கேக்க? கேட்டா ஊசி போட மாட்டாகளோன்னு பயந்துட்டேன்."

எனக்கு அது நினைவில் இல்லை. இல்லவே இல்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் வந்தது. பத்து மணி, கையில் தெர்மாமீட்டர் தட்டு, இன்னும் பதினைந்து கட்டில் பாக்கி, யாரோ ஒருத்தி புடவையைப் பிடித்து இழுத்தது. அந்த வார்த்தையை நான் அந்த மாதம் எத்தனை பேரிடம் சொன்னேனோ தெரியாது. சார்ட்டில் அதற்குக் கட்டம் இல்லை. ஆகையால் ஒரு மாதம் உட்கார்ந்து அத்தனை கட்டையும் பிரித்தும் அது எங்கள் கண்ணில் படவில்லை.

அவள் காலைத் தொட்டேன். அவள் பதறிக் காலை இழுத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் தறி மறுபடி ஓடுகிற சத்தம் கேட்டது. பஸ்ஸில் சாராள் சிஸ்டர் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. தென்காசியில் இறங்கும்போது, "இதையும் சேத்து எழுதிரு" என்றார், அவ்வளவுதான்.

எழுதினேன். ஒரு முழுப் பக்கம் எழுதிக் கட்டுரையின் கடைசியில் வைத்துச் சென்னைக்குக் கொண்டுபோனேன். பேராசிரியை படித்துப் பார்த்துவிட்டு, மற்றதெல்லாம் பிரமாதம், இந்தப் பக்கம் ஆராய்ச்சியில் சேராது, இது பதிவேட்டில் உள்ள தகவல் இல்லை என்று சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார். அவர் மேல் தப்பில்லை, விதி அப்படி. மார்க் நன்றாகவே வந்தது. சில வருடம் கழித்து டெல்லிக்கு ஆசிரியைப் படிப்புக்கு நான்தான் போனேன், அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் இடமே கிடைத்தது. சாராள் சிஸ்டர் அதே வார்டில் இருந்து ஓய்வு பெற்றார். அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம், அந்தப் பக்கத்தை எங்கேயாவது போட்டாயா என்று கேட்பார். இல்லை என்பேன். அவர் காலமாகும்வரை இல்லை என்றுதான் சொன்னேன்.

மலருக்குக் கட்டுரை கேட்ட பிள்ளைகளே, இதை வெட்டாமல் போடுங்கள்.

சபியா, வயது இரண்டரை. சனிக்கிழமை காலை பத்து மணி. குழந்தையின் வயிறு உள்ளே இழுக்கிறது என்று தாய் சொன்னாள். மாணவி தாயை ஏசித் தள்ளி நிற்கச் சொன்னாள். மூச்சை எண்ணவில்லை. இருபத்துநாலு என்று எழுதினாள். எழுதியவர், இசக்கியம்மாள்.